நாத்தனார் வந்த மழைநாள்

தகரக் கூரைமேல் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. வாயசைவது மட்டும் தெரியும். செம்மநத்தத்தில் எங்கள் மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் போட்டிருந்த தகரக் கொட்டகையில், மணப்பலகைமேல் உட்கார்ந்தபடி, அப்படி வாயசைக்கும் முகங்களைத்தான் அன்று காலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா குனிந்து ஏதோ சொன்னாள். "என்னம்மா?" என்றேன். மறுபடியும் சொன்னாள். மூன்றாம் தடவைதான் கேட்டது.

"காலை உள்ளார இழுத்துக்கோ கண்ணு, சாரல் அடிக்குது."

இழுத்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது? வீட்டிலிருந்து கோயிலுக்கு நடந்து வந்ததிலேயே பட்டுச்சேலையில் முழங்கால் வரைக்கும் செம்மண் ஏறிவிட்டது. தலையில் வைத்த மல்லிகை தண்ணீர் குடித்துக் கனத்து, பின்கழுத்தை இழுத்துக்கொண்டிருந்தது. தீப்பெட்டி நமுத்துவிட்டதால் பூசாரி ஒவ்வொரு குச்சியாகக் கிழித்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். கற்பூரம் தட்டில் அப்படியே இருந்தது.

ஐப்பசி மாதக் கடைசி அது. காப்பிக் காய்கள் சிவக்கத் தொடங்கியிருந்தன. மழை விடாமல் மூன்றாவது நாள். எந்த வருஷம் என்று கேட்டால் எனக்குச் சட்டென்று சொல்ல வராது. என் மகள் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முந்தி. அவள் இப்போது ஏழாவது படிக்கிறாள்.

மாப்பிள்ளை வந்துவிட்டார். பெயர் குமரேசன். ஏற்காடு டவுனில் ஒரு ஓட்டலில் சமையல் மாஸ்டர். முந்தின நாள் சாயங்காலமே, கூட வேலை செய்யும் நாலு பேரோடு ஜீப்பில் வந்து எங்கள் ஊரில் தங்கிவிட்டார். வராதது அவருடைய வீட்டார். சேலத்திலிருந்து விடியும் முன்பே வேனில் கிளம்பிய அவர் அம்மாவும் தங்கையும் உறவுக்காரர்களும் மலைப்பாதையில் எங்கேயோ நின்றுபோயிருந்தார்கள். மேளக்காரர்களும் அந்த வேனில்தான்.

முகூர்த்தம் முடிய அரைமணி நேரம்கூட இல்லை.

அப்போதுதான் மூடுபனிக்குள்ளிருந்து ஒரு உருவம் வந்தது. கோணிப்பையைக் கொங்காடையாக மடித்துத் தலைமேல் போட்டிருந்தது. களை வெட்டப் போகிற எஸ்டேட் ஆள் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். இடது காலைக் கொஞ்சம் சாய்த்து வைக்கிற அந்த நடையை வைத்து எனக்கு மட்டும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.



வந்தவர் பாவாயி அண்ணி. செத்துப்போன என் முதல் கணவரின் அக்கா.

தட்டைத் தொடாத கை

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு வெள்ளையனைத் தெரியும். புதிதாகப் படிப்பவர்களுக்காக நாலு வரி.

வெள்ளையன் வாழவந்தி ஊர்க்காரர். கொஞ்சம் சாமைக் காடு, ஏழெட்டு ஆரஞ்சு மரம். மற்ற நாளில் எஸ்டேட் வேலை. எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம்கூட முடியவில்லை. ஒரு ஆனி மாதம், காப்பிக்கு நிழல் கொடுக்கும் சில்வர் ஓக் மரங்களில் கிளை கழிக்க ஏறினார். தூறல் விழுந்து பட்டை வழுக்கிவிட்டது. ஜீப்பில் போட்டுச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். பாதி மலை இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

குழந்தை இல்லை. நான் செம்மநத்தத்துக்கே திரும்பி வந்து, பால்வாடியில் வேலைக்குச் சேர்ந்தேன்.

பாவாயி அண்ணியைக் கிளியூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வெள்ளையனுக்கு நாலு வயதில் தாய் இறந்துவிட்டதால், பத்து வயதுக்காரியான இவர்தான் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்து வளர்த்தவர். கல்யாணமாகிக் கிளியூர் போனபோது தம்பியையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டார். மீசை முளைத்த பிறகுதான் வெள்ளையன் வாழவந்தி வீட்டுக்குத் திரும்பினார்.

ஆறு வருஷம் கழித்து எனக்கு மறுபடி கல்யாணப் பேச்சு வந்தது. எங்கள் பக்கத்தில் கணவனை இழந்தவள் இன்னொருவரைக் கட்டிக்கொள்வது புதிதல்ல. ஆனால் செத்துப்போனவர் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது ஊர்ப் பெரியவர்களின் கட்டு. கேட்பதற்கு அந்த வீட்டில் இருந்தது பாவாயி அண்ணி ஒருவர்தான்.

அப்பா வெற்றிலை பாக்கு, பழம் வைத்த தட்டோடு கிளியூர் போனார். நானும் போனேன். அண்ணி காப்பிக் கொட்டை காயப்போட்டிருந்த களத்தில் நின்றிருந்தார். தட்டைப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தட்டை எடுத்துக்கிட்டுப் போயிருங்க மாமா," என்றார். "வேண்டாம்னு நான் சொல்லலீங்க. ஆனா செரின்னு என் வாயில வரலீங்க."

"ஒரு வார்த்தைதானே ஆத்தா."

"அந்த ஒரு வார்த்தைதானுங்க வரல."

என்னை அவர் பார்க்கவே இல்லை. கொட்டையைக் காலால் தள்ளித் தள்ளிக் கிளறிக்கொண்டே களத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார்.

'வேண்டாம் என்று சொல்லவில்லை, அது போதும்' என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். ஊருக்குப் போதும். எனக்குப் போதவில்லை.

கல்யாணத்துக்குப் பத்து நாளிருக்கும்போது பத்திரிகை வைக்க நான் தனியாகப் போனேன். அண்ணி ஆரஞ்சு பறிக்கப் போயிருந்தார். அவருடைய வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார்.

"வெச்சுட்டுப் போ கண்ணு, நான் குடுத்தர்றேன். வருவாளான்னு மட்டும் எங்கிட்டக் கேக்காத," என்றார்.

அவர் கேட்ட கேள்வி

குமரேசனை ஏன் கட்டிக்கொண்டேன் என்று கேட்டு ஒரு வாசகி எழுதியிருந்தார். இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மாதத்துக்கு ஒரு தரம் பால்வாடி கூட்டத்துக்கு டவுனுக்குப் போவேன். கூட்டம் முடிந்து பஸ் வரும்வரை, ஏரிக்குப் போகிற ரோட்டில் இருந்த அந்த ஓட்டலில் டீ குடிப்பேன். மாஸ்டர் அடுப்படியிலிருந்து எட்டிப்பார்ப்பார். அவ்வளவுதான். ஒரு வருஷம் போல அது மட்டும்தான்.

ஒருநாள் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றார். முப்பத்தைந்து வயது. தங்கைக்குக் கல்யாணம் செய்துவைக்கும்வரை தன்னைப் பற்றி யோசிக்காதவர். அதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

"ஏனுங்க, ஒரு வார்த்தை கேக்கட்டுங்களா?"

எனக்குப் புரிந்துவிட்டது. வெடுக்கென்று சொன்னேன். "எனக்கு முன்னமே கல்யாணம் ஆச்சுங்க. அவரு இறந்துட்டாரு."

"தெரியுமுங்க," என்றார். கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அவரு எப்படிப்பட்ட ஆளுங்க?"

ஆறு வருஷத்தில் என்னிடம் எல்லோரும் கேட்டது, எப்படிச் செத்தார் என்றுதான். எந்த மரம், எவ்வளவு உயரம், கடைசியில் ஏதாவது பேசினாரா என்று. எப்படிப்பட்ட ஆள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

நான் சொல்ல ஆரம்பித்தேன். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வார். காட்டுக்குப் போனால் மேல்சட்டைப் பையில் எனக்கு ஏதாவது கொண்டுவருவார், நெல்லிக்காயோ ஏதோ ஒரு பூவோ. பாம்பென்றால் பயம். அதை வெளியில் சொல்லமாட்டார். சொல்லிக்கொண்டே போனேன். டீ ஆறிப்போனது. நாலு மணி பஸ் போய்விட்டது.

அடுத்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோதே இவரைக் கட்டிக்கொள்வேன் என்று தெரிந்துவிட்டது.

வளைவில் விழுந்த பாறை

மழைநாளுக்குத் திரும்புகிறேன்.

விடியும் நேரத்திலேயே கரண்ட் போய்விட்டது. செல்போன் டவரும் போய்விட்டது. மாஸ்டரோடு வந்தவர்களில் ஒருவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து செய்தி சொன்னார். கொண்டைஊசி வளைவு ஒன்றில் பாறையும் மண்ணும் சரிந்து கிடக்கின்றன. அந்தப் பக்கம் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. குப்பனூர் மாற்றுப்பாதையிலும் வண்டி விடுவதில்லை. ஜேசிபி வந்து தள்ளினால்தான் உண்டு.

சமையல் கொட்டகையில் விறகு நனைந்து அடுப்பு பிடிக்கவில்லை. புகையில் ஆட்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார மாப்பிள்ளையால் முடியவில்லை. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நனைந்த பட்டையை உரித்து, உள்ளே காய்ந்திருந்த விறகைப் போட்டு, குந்தி உட்கார்ந்து ஊதி, அரைமணியில் சாம்பாரைக் கொதிக்க வைத்துவிட்டு வந்தார். நெற்றியில் பூசியிருந்த சந்தனத்துக்கு மேலே கரி. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது அவர்மேல் புகை வாசமும் பெருங்காய வாசமும் அடித்தது.

கல்யாணநாளை நினைத்தால் எனக்கு இன்றும் முதலில் வருவது அந்த வாசம்தான்.

ஆனால் அப்போது எனக்குச் சந்தோஷமில்லை. பின்னாலிருந்து இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது, மழை கொஞ்சம் தணிந்த நேரமாகப் பார்த்து என் காதில் விழுந்தது.

"மொதக் கல்யாணம் அப்படியாச்சு. இதுக்கு மாப்ள ஊட்டுச் சனமே வரல பாரு."

"ஏதோ தடுக்குதாட்டம் இருக்குது."

எனக்கும் அதே எண்ணம்தான். வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். வெள்ளையன் மரத்தில் ஏறிய அன்று காலையில் எங்களுக்குள் நடந்த ஒரு பேச்சு இருந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு இன்னொரு கல்யாணம் கூடாது என்பதற்குத்தான் பாறை விழுந்ததோ என்று நினைத்தேன். எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார் ஒருவர். தள்ளிப்போட்டால் இந்தக் கல்யாணம் நடக்கவே நடக்காது, ஊர்வாயே அதை முடித்துவிடும் என்று அப்பாவுக்குத் தெரியும். நேரத்துக்குள் கட்டிவிடலாம் என்று அவர் பிடிவாதமாக நின்றார். அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. மாப்பிள்ளை வீட்டு வழக்கப்படி முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டால், மீதி இரண்டை அவருடன் பிறந்தவள் போடவேண்டும். அவருடைய தங்கை பாறைக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். கூட வந்திருக்கும் நாலு பேரும் ஆண்கள்.

அந்த நேரத்தில்தான் பாவாயி அண்ணி கொட்டகையின் ஓரத்தில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. கூரையிலிருந்து கொட்டும் தண்ணீருக்கு வெளியிலேயே நின்றார்.

அப்பா ஓடினார்.

"பஸ் இல்லீங்க மாமா. நடந்து வந்தேன்," என்றாராம் அண்ணி. கிளியூரிலிருந்து டவுன், டவுனிலிருந்து எங்கள் ஊர். அந்த மழையில் மூன்று மணி நேரமாவது ஆகியிருக்கும்.

பின்கழுத்தில் விரல்கள்

அடுத்து நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். காதால் கேட்கவில்லை. மழை மறுபடி வலுத்துவிட்டது. என்ன பேசிக்கொண்டார்கள் என்பது பிற்பாடு மாஸ்டர் சொல்லித்தான் தெரியும்.

அவர் மணப்பலகையிலிருந்து எழுந்தார். பூசாரி கையை நீட்டித் தடுத்தார். அவர் நிற்கவில்லை. நேராக அண்ணியின் எதிரே போய், தண்ணீர் கொட்டும் இடத்திலேயே நின்றார்.

"ஏனுங்கக்கா, நீங்க வெள்ளையண்ணனோட அக்காங்களா?"

"ஆமாங்க."

"நனைஞ்சுக்கிட்டு இவ்வளவு தூரம் வந்துட்டு எதுக்குங்க வெளிய நிக்கறீங்க?"

"பாத்துட்டுப் போயிரலாம்னுதானுங்க வந்தேன். உள்ளார வர்றதுக்கு வரல."

"எந்தங்கச்சி ரோட்டுல மாட்டிக்கிட்டாளுங்க. மீதி முடிச்சுப் போட எங்கூட்டுப் பொம்பளைங்க ஒருத்தரும் இங்க இல்ல. நீங்க போடுங்கக்கா."

அண்ணி அவரையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அன்று களத்தில் என்னைப் பார்க்காதவர், இப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"மொதத் தடவையும் நாந்தானுங்க போட்டேன். இது ராசியில்லாத கை."

"அது மரம் வழுக்குனதுங்க. உங்க கை என்ன பண்ணுச்சு?"

அண்ணியின் வாய் கோணிக்கொண்டு போவதை நான் தூரத்திலிருந்து பார்த்தேன். அழுகிறாரா, திட்டுகிறாரா என்று தெரியவில்லை. மாஸ்டர் நகராமல் நின்றார். அவருடைய தோளில் போட்டிருந்த துண்டு நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. பூசாரி இங்கிருந்து கையை ஆட்டி ஆட்டி நேரமாகிறது என்று காட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணி தலையிலிருந்த கோணியை எடுத்துக் கம்பத்தில் மாட்டினார். கூரைத் தண்ணீரில் காலை நீட்டிச் சேற்றைக் கழுவினார். முந்தானையைப் பிழிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

மேளமில்லை. கெட்டிமேளம் என்று பூசாரி கத்தியதும் அப்பா கோயில் மணியைப் பிடித்து அடித்தார். மாஸ்டரோடு வந்தவர்களில் ஒருவர் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக் கரண்டியால் தட்டினார். சிரிப்பு வரவேண்டிய இடம். யாரும் சிரிக்கவில்லை.

மாஸ்டர் ஒரு முடிச்சுப் போட்டார். பிறகு என் பின்கழுத்தில் வேறு விரல்கள் பட்டன. பனிக்கட்டி மாதிரி சில்லென்று இருந்தன. விறைத்துப்போய், கயிற்றைப் பிடிக்க முடியாமல் இரண்டு தரம் நழுவவிட்டன. நனைந்த மல்லிகையை ஒதுக்கினார். மெதுவாக ஒன்று போட்டார். இன்னொன்று போட்டார்.

போட்டுவிட்டு என் காதருகே குனிந்தார்.

"இறுக்கமா இருக்குதா கண்ணு?"

"இல்லீங்க அண்ணி," என்றேன். தலையைக் குனிந்துகொண்டேன். மணப்பெண் வெட்கப்படுகிறாள் என்று சிலர் நினைத்திருக்கலாம்.

அவிழ்க்கச் சொன்ன மாமியார்

மத்தியானம் மூன்று மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்துசேர்ந்தார்கள். பாறையை நடந்தே தாண்டி, மேலே ஒரு பால்வண்டியில் இடம் பிடித்து வந்திருந்தார்கள். மாமியாருக்குப் பட்டுச்சேலை, முகம், முடி எல்லாம் சேறு. ஒரே மகனின் கல்யாணம். தாலி கட்டியதைக் கண்ணால் பார்க்கவில்லை. அந்த வேதனையை நான் குறை சொல்லமாட்டேன்.

முடிச்சுப் போட்டது யார் என்று கேட்டார். யாரோ சொல்லிவிட்டார்கள்.

"செத்தவனோட அக்காளா?" என்றார். அவர் குரல் மழையையும் மீறிக் கேட்டது. "வேற ஆளே கெடைக்கலியா? அவுத்துருங்க அதை. எம்பொண்ணு வந்துட்டா. அவ மறுபடியும் போடட்டும்."

என் கை தானாகத் தாலியைப் பிடித்துக்கொண்டது.

"அம்மா," என்றார் மாஸ்டர். "கட்டுனதை அவுக்கற பேச்சு வேண்டாம்."

"நல்லது கெட்டது தெரியாம பேசாதடா."

"நாந்தாம்மா போடச் சொன்னேன். கோவத்தை எம்மேல காட்டு."

கடைசியில் பேசியது அவருடைய தங்கைதான். விடியற்காலையிலிருந்து ரோட்டில் நின்றவள். பாதி மலையை நடந்து ஏறியவள்.

"எனக்குப் பதிலா ஒரு அக்கா போட்டிருக்காங்க, அவ்வளவுதானம்மா? மொதல்ல சோத்தைப் போடச் சொல்லு. உசுரு போகுது."

அவள் பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொருவராக அவள் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். மாமியார் மட்டும் சாப்பிடவில்லை. ஓரத்தில் கோயில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அன்று மட்டுமல்ல, அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் போல அவர் என்னிடம் நேராகப் பேசியதில்லை. மகள் பிறந்த பிறகுதான் அது சரியானது. அந்தக் கதை தனியாகச் சொல்ல வேண்டியது.

நான் திரும்பிப் பார்த்தபோது கம்பத்தில் மாட்டியிருந்த கோணியைக் காணோம்.

ரோடு வரைக்கும்

கல்யாணப்பெண் தனியாக வெளியே போகக்கூடாது என்று அம்மா கத்தினாள். ஒரு குடையை எடுத்துக்கொண்டு நான் ஓடினேன். காப்பித் தோட்டத்து வேலியை ஒட்டிய பாதையில் அண்ணி போய்க்கொண்டிருந்தார்.

"அண்ணி, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு சாமி. மாஸ்டரு சமையலு நல்லா இருந்துச்சு."

"அவிய பேசுனதை மனசுல வெச்சுக்காதீங்க."

"அந்தம்மா பேசுனது சரிதான். நானா இருந்தாலும் அதத்தான் பேசியிருப்பேன்."

குடையை அவர் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். பிறகு நடையை நிறுத்தாமலே அவர் பேசினார்.

"உங்கப்பா தட்டோட வந்தப்ப செரின்னு சொல்லலைன்னு உனக்கு வருத்தம் இருக்கும்."

"இல்லீங்க."

"இருக்கும். எனக்கு உம்மேல கோவமில்ல. நீ இன்னொரு ஊட்டுக்குப் போயிட்டா, அவன நெனச்சு அழுவறதுக்கு நான் ஒருத்திதான் மிச்சம். அதை நெனச்சாத்தான் பயமா இருந்துச்சு."

மழை குடைத்துணியில் சடசடவென்று விழுந்தது. ரோடு தெரிய ஆரம்பித்தது.

"இன்னொண்ணு இருக்குது," என்றார். "களைக் கொத்துல குனிஞ்சு குனிஞ்சு அவனுக்கு இடுப்பு நோவு வந்துச்சில்ல? நாந்தான் எஸ்டேட் ரைட்டர்கிட்டப் போயிக் கேட்டேன், எந்தம்பியக் கிளை கழிக்கற வேலைக்கு மாத்தி உடுங்கன்னு. அவன் கேக்கல. நானாப் போயிக் கேட்டேன். உம்மூஞ்சியப் பாக்கறப்ப எல்லாம் அது வந்து நிக்கும். அதான் பாக்கறதுக்கே தகிரியமில்ல."

நான் நின்றுவிட்டேன். அவரும் நின்றார்.

என் வாயிலிருந்து அது அப்போதுதான் வந்தது. மாஸ்டரிடம்கூட அதுவரை சொல்லாதது.

"அன்னிக்குக் காலைல தூறல் இருந்துச்சு அண்ணி. போகட்டுமா வேண்டாமான்னு என்னயத்தான் கேட்டாரு. நான் அரைத் தூக்கத்துல இருந்தேன். போங்கன்னு சொல்லிட்டேன்."

எனக்கு ஓடிப்போய்விடலாம் போல இருந்தது. அண்ணி என் கன்னத்தைத் தொட்டார். கை இன்னும் சில்லென்றுதான் இருந்தது.

"அட சாமி," என்றார். "இத்தனை வருசமா இதைத் தனியாவா வெச்சிருந்தே?"

ரோட்டோரத்தில், நனைந்த பட்டுச்சேலையும் நனைந்த நூல்சேலையுமாக, நாங்கள் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம். வெள்ளையன் இறந்த அன்று நான் ஒரு மூலையில் அழுதேன், அவர் ஒரு மூலையில் அழுதார். சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.

பின்னால் ஹாரன் சத்தம். ஜீப்பை மாஸ்டரே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். எங்களைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் இறங்காமலே இருந்தார். பிறகு முன்பக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுங்கக்கா. கிளியூருல உட்டுட்டு வந்தர்றேன்."

"மாப்ள இன்னிக்கு வண்டி ஓட்டக் கூடாதுங்க."

"அடுப்பே ஊதியாச்சுங்க. வண்டி ஓட்டுனா என்ன?"

அன்று அண்ணி முதன்முதலாகச் சிரித்தார். தம்பியைப் போலவே அவரும் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

தை மாதம்

எங்கள் மகள் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுகிறாள். லீவு விட்டால் கிளியூர் போய்விடுவாள். அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தால் ஆரஞ்சு கொண்டுவருவார், இரண்டு நாள் இருப்பார், அடுப்படியை ஒழுங்குபடுத்தி வைப்பார். என் வீட்டுக்காரரிடம் மட்டும் அவருக்கு ஒரு கூச்சம் போகவே இல்லை. எதிரே உட்காரமாட்டார். "மாஸ்டரு வந்துட்டாருங்களா?" என்பார். "அவரு சாப்பிட்டாருங்களா?" என்பார். நானும் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன்.

போன தை மாதம் அண்ணி களத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். அவருடைய வீட்டுக்காரருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. நாங்கள்தான் கூட இருந்தோம்.

ஆபரேஷனுக்கு முன்னால் நர்ஸ் ஒரு தாளைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டாள். மாஸ்டர் வாங்கிக்கொண்டார்.

"பேஷன்டுக்கு நீங்க என்ன வேணும்?" என்றாள் நர்ஸ்.

"தம்பிங்க," என்றார். கையெழுத்துப் போட்டார். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கீழே போனார்.

அண்ணி கண்ணை மூடிப் படுத்திருந்தார். ஊசி போட்டிருந்ததால் தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். போர்வையைக் காலில் இழுத்துவிடும்போது பேசினார்.

"அந்தப் பொண்ணு என்ன கேட்டுச்சு?"

"இவரு உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டுச்சுங்க அண்ணி."

"தம்பின்னு சொன்னானா?"

"ஆமாங்க."

அண்ணி கண்ணைத் திறந்தார்.

"காலைல இருந்து அவன் ஒண்ணும் சாப்பிடல," என்றார். "போயி ரெண்டு இட்லி வாங்கிக் குடு."